பாடலில் நாம் நிற்கும் இடம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு சபையில் பாடகர் குழுவை நடத்திவரும் ஆசிரியை ஒருவரின் கடிதம் இது. பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

“ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். பாமாலையும் கீர்த்தனையும் பாடித்தான் நாங்கள் வளர்ந்தோம். இப்போது வாலிபர்கள் புதுப் பாடல்களைக் கொண்டுவருகிறார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் சபைத் தம்பி ஒருவன், தானே எழுதி மெட்டமைத்த பாடலைப் போன மாதம் ஆராதனையில் பாடினான். ஆண்டவரை ‘நீ’ என்று அழைத்து, உன் மூச்சுக்காற்று என்மேல் பட வேண்டும், நீ இல்லாத நாள் எனக்கு நாளே இல்லை என்ற பொருளில் வரிகள் வந்தன. மூத்த மூப்பர் ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். ‘சினிமாப் பாட்டைக் கோயிலுக்குள் விட்டுவிட்டாயே’ என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டார். இது ஒன்று. இன்னொன்று என்னைப் பற்றியது. இப்போது பாடுகிற பாடல்களில் எங்கு பார்த்தாலும் ‘அப்பா’ வருகிறது. என் அப்பா குடிப்பார். குடித்துவிட்டு அம்மாவை பெல்ட்டால் அடிப்பார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பாவின் மடியில் படுத்திருப்பதுபோல் ஒரு வரி வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. குழுவை நடத்துகிறவளே வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். இது விசுவாசக் குறைவா? ஆண்டவரை எப்படி அழைத்துப் பாடுவது சரி?”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூப்பரின் கோபம் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கும். உங்கள் தொண்டை அடைப்பது விசுவாசக் குறைவு அல்ல. அப்படி யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், சொன்னவர் போதகராகவே இருந்தாலும், அவர் அவசரப்பட்டுவிட்டார் என்றே சொல்லுவேன்.

வேதாகமக் கல்லூரியில் வழிபாட்டியல் கற்பித்த நாட்களில் மாணவர்களிடம் நான் முதல் வகுப்பிலேயே சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கடவுள் நம் தகப்பன் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்தபடி அதை ஒப்புக்கொள்ளலாம், யோசிக்கலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியும் வைக்கலாம். பாடலில் அந்த வசதி கிடையாது. ‘அப்பா’ என்று வாயைத் திறந்த நொடியில் பாடுகிறவர் பிள்ளையாகிவிடுகிறார். ‘மேய்ப்பரே’ என்றால் ஆடாகவும், ‘ராஜாவே’ என்றால் குடிமக்களில் ஒருவராகவும் ஆகிவிடுகிறார். பாடல் கடவுளைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்வதோடு நில்லாமல், பாடுகிறவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஓர் இடத்தில் நிறுத்துகிறது. உங்களை அது கொண்டுபோய் நிறுத்துகிற இடம், பெல்ட் கழற்றும் சத்தத்துக்குப் பயந்து ஒரு சிறுமி நின்ற அதே இடமாக இருக்கிறது. மனம் ஆயிரம் விளக்கம் சொன்னாலும் உடம்பு அந்த இடத்தை அடையாளம் கண்டுகொள்கிறது.

இனி அந்தச் சொல்லைப் பார்ப்போம். இயேசு பேசிய அரமேய மொழியிலும் ‘அப்பா’ என்பது தகப்பனைக் குறிப்பது தற்செயலாக அமைந்த ஒற்றுமை. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில் இந்த அரமேயச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்பது மூன்றே இடங்களில். வேறு பல மொழிக்காரர்களுக்கு அது விளக்கம் வேண்டிய அந்நியச் சொல். நமக்கோ சமையலறையிலிருந்து கூப்பிடுகிற சொல். இந்த நெருக்கம் தமிழ்ப் பாடலாசிரியர்களுக்குப் பெரிய வரமாக அமைந்தது. அதனாலேயே அதை அளவு மீறிச் செலவழித்துவிட்டோம் என்பது என் கருத்து. ஏனென்றால் அந்த மூன்று இடங்களில் எதிலும் மடி இல்லை, தாலாட்டு இல்லை. முதல் இடம் மாற்கு 14ஆம் அதிகாரம், கெத்செமனே. மரணத்துக்கு முந்தின இரவில், “அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்” என்று கேட்கிற ஒரு மகனின் வாயில்தான் அந்தச் சொல் முதலில் வருகிறது. அவர் கேட்டது கிடைக்கவில்லை.

மற்ற இரண்டு இடங்களும் பவுலின் நிருபங்களில் உள்ளன. ரோமர் 8:15ஐ நீங்கள் மனப்பாடமாகவே சொல்லுவீர்கள்: “திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்.” இதில் ‘புத்திரசுவிகாரம்’ என்ற நீண்ட சொல்லைப் பாடல்கள் விட்டுவிடுகின்றன. சுவிகாரம் என்றால் தத்து. பவுல் சொல்லுகிற ‘அப்பா’ அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த குழந்தையின் மழலையே அல்ல. வேறொரு வீட்டிலிருந்து, பயத்தை அறிந்து வந்த பிள்ளை புது வீட்டில் சொல்லப் பழகுகிற சொல். “திரும்பவும் பயப்படுகிறதற்கு” என்று அவர் எழுதும்போதே, முன்பு ஒரு பயம் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்.

நம் பகுதியில் இதை விளக்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. பெண் குழந்தையைப் பிறந்தவுடன் கொன்றுவிடும் கொடுமையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசிடம் ஒப்படைத்துத் தத்துக்கு விட வழிசெய்து 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது; கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. குழந்தையை வரவேற்க வீடு இருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாமல் போன மண் இது. தத்து என்ற சொல்லின் எடை நமக்குத் தெரியும். விவரம் தெரிந்த வயதில் தத்து வந்த ஒரு பிள்ளையை அதன் புதிய பெற்றோர் முதல் வாரமே ‘அப்பா என்று கூப்பிடு’ என்று கட்டாயப்படுத்தினால் அவர்களை நாம் என்ன சொல்லுவோம்? பக்குவமுள்ளவர்கள் காத்திருப்பார்கள். பிள்ளை சில காலம் ‘இவர்’ என்றும் ‘அவங்க’ என்றும் சுற்றி வளைத்துப் பேசும். சாப்பாடு ஒழுங்காக வரும், இரவில் கதவு பலமாகத் தட்டப்படாது, கை ஓங்கப்படாது என்பதெல்லாம் உறுதியான பிறகு ஒருநாள் அந்தச் சொல் தானாக வரும். சில பிள்ளைகளுக்கு வராமலே போவதும் உண்டு, அதனால் அவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள் அல்ல என்று ஆகிவிடாது.

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஓசியாவின் புத்தகத்தில் இதைவிட வியப்பான ஓர் இடம் இருக்கிறது. “நீ என்னை இனி பாகாலி என்று சொல்லாமல், ஈஷி என்று சொல்லுவாய்” என்று இரண்டாம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்லுகிறார். எபிரெயத்தில் இரண்டு சொற்களும் மனைவி தன் கணவனைச் சொல்லுகிற சொற்களே. முதல் சொல்லுக்கு ‘என் எஜமான்’ என்ற பொருளும் உண்டு; அதோடு பாகால் என்ற தெய்வத்தின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சொல் பழைய நினைவினால் கறைபட்டுவிட்டது என்பதற்காக, அந்தச் சொல்லால் என்னை அழைக்க வேண்டாம், வேறு சொல்லால் அழை என்று கடவுளே சொல்லுகிறார். இதை வாசித்த பிறகும், ‘அப்பா’ என்று பாடினால்தான் ஆண்டவர் கேட்பார் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஆகவே நீங்கள் அந்தச் சொல்லோடு இப்போது போராட வேண்டாம். “என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்” என்ற 27ஆம் சங்கீதத்தின் வரி கடவுளைத் தகப்பன் என்று அழைக்காமலேயே அவர்மேல் நம்பிக்கை வைக்கிறது. “ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்” என்கிறது ஏசாயா 66:13. அதே ஏசாயா, தாய் தன் பாலகனை மறப்பாளோ என்று கேட்டுவிட்டு, “அவர்கள் மறந்தாலும்” என்று ஒரு நிபந்தனையையும் போட்டு வைக்கிறார். தாய்தகப்பன்மார் எல்லாரும் நல்லவர்கள் என்ற நினைப்பில் வேதம் எழுதப்படவில்லை. நம் பாடல்கள்தான் அந்த நினைப்பில் எழுதப்படுகின்றன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடும்போது தொண்டை அடைப்பதோடு நில்லாமல், தூக்கம் கெடுவது, யாராவது குரலை உயர்த்தினால் உடம்பு நடுங்குவது போன்றவை இருந்தால், அதைப் பாடல் தேர்வினால் மட்டும் சரிசெய்ய முடியாது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பேசுவது ஜெபத்துக்கு எதிரானது அல்ல.

இனி ‘நீ’, ‘நீர்’ வழக்குக்கு வருகிறேன். மூப்பர் பாதியில் எழுந்து போனதில் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் கடவுளை அழைக்கவும் வேலைக்காரனை அழைக்கவும் ஒரே முன்னிலை ஒருமைச் சொல்தான். மரியாதைக்கென்று தனிச் சொல் அங்கே இல்லாததால், வேதத்தை நம் மொழிகளுக்குக் கொண்டுவந்தவர்கள் தாங்களே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தெலுங்கில் ‘நீவு’ என்றும் கன்னடத்தில் ‘நீனு’ என்றும் எடுத்தார்கள். இரண்டும் நம் ‘நீ’க்குச் சமம். தமிழில் ‘நீர்’ என்றும், இன்னும் உயர்த்தி ‘தேவரீர்’ என்றும் எடுத்தார்கள். இந்த வேறுபாட்டை ஓசூரில் காதால் கேட்கலாம். சிப்காட் பக்கத்தில் நான் போய்வந்த ஒரு வீட்டுக்கூட்டத்தில், தம்புருவைத் தட்டிக்கொண்டு ஒரு தெலுங்குப் பாட்டி ‘நீவே’ என்று கண்ணீரோடு பாடுவார். அடுத்த பாடல் தமிழில் வந்ததும் அதே கண்ணீரோடு ‘நீரே’ என்பார். எந்தப் பாடலில் அவருக்கு ஆண்டவர் அருகில் இருந்தார் என்று கேட்டால் அவர் சிரித்திருப்பார். உங்கள் சபைத் தம்பி அந்த ஊரின் காற்றைச் சுவாசிக்கிறவன் என்பதை மூப்பருக்கு நினைவுபடுத்தலாம்.

நம் மாவட்டங்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் மனிதரை மனிதர் ‘நீர்’ என்று அழைப்பதை இன்றும் கேட்கலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அந்த வழக்கம் இல்லை. இங்கே அம்மாவை ‘நீ’ என்போம், வாத்தியாரை ‘நீங்க’ என்போம், ‘நீர்’ என்று யாரையும் அழைப்பதில்லை. ஆகவே இங்குள்ள ஒரு கிறிஸ்தவப் பிள்ளை, வேறு எவருக்கும் பயன்படுத்தாத ஒரு சொல்லை ஆண்டவருக்கென்று மட்டும் கற்றுக்கொள்கிறது. அது தூரத்தைக் காட்டுகிற சொல் என்று வாலிபர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 23ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். முதல் மூன்று வசனங்களில் “அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து” என்று படர்க்கையில்தான் பேச்சு நடக்கிறது. புல்லும் தண்ணீரும் இருக்கும் வரையில் ஆண்டவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார் சங்கீதக்காரர். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்த இடத்தில் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று அவர் பக்கமாகவே திரும்பிவிடுகிறார். படர்க்கை முன்னிலையாக மாறுகிற அந்தத் திருப்பம் மூலத்திலேயே இருக்கிறது. அந்த இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வைத்ததோ, நம்மிடம் உள்ளவற்றிலேயே மிக உயர்ந்த மரியாதைச் சொல். மிக நெருங்கிய இடத்தில் மிகப் பெரிய மரியாதை. தமிழில் இவை இரண்டும் ஒன்றையொன்று விரட்டுவதில்லை.

அதற்காக ‘நீ’ பாவம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எலத்தகிரிக்கோ கோவிலூருக்கோ போய்க் கத்தோலிக்கத் திருப்பலியில் உட்கார்ந்து பாருங்கள். இறைவனை ‘நீ’ என்று அழைக்கும் பாடல்கள் அங்கே இயல்பாகப் பாடப்படுகின்றன. தேவாரத்திலிருந்து தொடங்கித் தமிழ் பக்தி மரபு முழுவதும் ‘நீ’யால் நிரம்பியது. கடவுளுக்கு வைத்த பெயரே மூன்று நூற்றாண்டுகளில் மாறி வந்திருக்கிறது என்பதையும் மூப்பருக்குச் சொல்லுங்கள்: வேதத்தைத் தமிழாக்கிய மிஷனெரிகளில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் ‘சர்வேசுரன்’ என்றார், அவருக்குப் பின்வந்த பப்ரீசியஸ் ‘பராபரன்’ என்றார், 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ ஆனது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கிறது. சபை இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டது. ஆனாலும் சபையார் எல்லாரும் சேர்ந்து பாடுகிற பாடலில் ‘நீர்’ இருக்கட்டும் என்பதே என் ஆலோசனை. தனிப்பாடலாகப் பாடும்போது அந்தத் தம்பி ‘நீ’ என்று பாடட்டும். ஒரே பாடலில் பல்லவியில் ‘நீர்’ என்றும் சரணத்தில் சந்தத்துக்காக ‘உன்’ என்றும் கலப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது நெருக்கமும் அல்ல, மரியாதையும் அல்ல, கவனக்குறைவு.

அந்தப் பாடலில் எனக்குத் தட்டுப்படும் குறை வேறு. நீங்கள் எழுதி அனுப்பிய வரிகளைத் தனியே ஒரு தாளில் எடுத்து வைத்துக்கொண்டு பலமுறை வாசித்தேன். அவற்றில் இயேசு என்ற பெயர் இல்லை. அவர் செய்த காரியம் ஒன்றும் இல்லை. மூச்சும் தொடுதலும் ஏக்கமும் மட்டும் இருக்கின்றன. அதே வரிகளை அந்தத் தம்பி தன் கம்பெனிப் பேருந்தில் ஒரு பெண்ணை நினைத்துப் பாடினாலும் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. மூப்பர் ‘சினிமாப் பாட்டு’ என்று சொன்னதன் உள்ளே இருக்கிற நியாயம் இதுதான். அவர் அதைக் காதல் என்ற பொருளின்மேல் சுமத்திவிட்டார், குறை பொருளில் இல்லை.

காதலைக் கொண்டு கடவுளைப் பாடுவது சபைக்குப் புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மடாதிபதி பெர்னார்டு, வேதத்திலுள்ள காதல் பாடலான உன்னதப்பாட்டின்மேல் 18 ஆண்டுகளில் 86 பிரசங்கங்கள் எழுதியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. அவ்வளவு தூரம் ஏன்? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், குறவஞ்சி இலக்கணத்தின்படியே ஒரு தலைவி, உலா வரும் தலைவன்மேல் மையல் கொள்கிறாள். தலைவன் ஆண்டவர், தலைவியின் பெயர் தேவமோகினி. அவள் சீயோனின் மகள், அதாவது சபை. இந்த ‘அதாவது’தான் முக்கியம். ஓசியாவிலும், எபேசியர் ஐந்தாம் அதிகாரத்திலும், வெளிப்படுத்தின விசேஷத்திலும் மணவாட்டி என்பது மக்கள் கூட்டம். ஊர் கூடி ஒருத்தியாக நிற்கிறது. தனி ஒருவர் தன் அறைக்குள் அந்த உவமையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு தியானிக்கலாம், பெர்னார்டு அப்படித்தான் செய்தார். ஆனால் ஞாயிறு காலையில் அறுபது வயதுத் தாத்தாவும் பத்து வயதுப் பையனும் நாற்பது வயது விதவையும் ஒரே குரலில் பாடவேண்டிய இடத்தில், எல்லாரையும் ஒரு காதலியின் தனியறையில் நிறுத்தினால், வெளியே போகிறவர் மூப்பர் ஒருவராக மட்டும் இருக்கமாட்டார். மற்றவர்கள் உடம்பால் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு நல்ல கருவியைத் தந்திருக்கிறது, அதைப் பாடலாசிரியர்கள் கவனிப்பதேயில்லை. நம் மொழியில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்கிறவரைச் சேர்த்துக்கொள்வது ‘நாம்’, சேர்க்காதது ‘நாங்கள்’. ஆண்டவரிடம் பேசும்போது ‘எங்கள் பிதாவே’ என்கிறோம். ‘நம் பிதாவே’ என்றால் அவரையும் நம்மோடு சேர்த்து ஒரு பிதாவின்முன் நிறுத்தியதாகிவிடும். ஒருவரோடொருவர் பேசும்போது ‘நம் தேவன்’ என்கிறோம். ஒரு பாடலில் இந்த இரண்டில் எது வருகிறது என்று பார்த்தாலே, அது யாரை நோக்கிப் பாடப்படுகிறது என்பது தெரிந்துவிடும். புதுப் பாடல்களில் இரண்டுமே அருகிப்போய், ‘நான்’, ‘என்’, ‘எனக்கு’ என்பவை மட்டும் மிஞ்சுகின்றன. சங்கீதங்களிலும் ‘நான்’ நிறைய உண்டு. ஆனால் அதற்குப் பக்கத்தில் எதிரிகளும் ஏழைகளும் அறுவடையும் எருசலேமும் இருக்கிறார்கள். நம் ‘நான்’ தனியாக இருக்கிறது.

மூப்பரின் பக்கமும் குறை இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் நான் ஒருதலையாகப் பேசியவனாவேன். பழைய பாடல்களில் ‘அடியேன்’, ‘அடிமை’ என்ற சொற்கள் அதிகம். பல ஆண்டுகளுக்கு முன் அரூர்ப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில், அப்படி ஒரு பாடலைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பாடவில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து, “ஐயா, எங்கப்பன் படியாளா இருந்து செத்தான். வாங்கின கடனுக்கு மாடு மேய்ச்சான். இங்க வந்தும் அடிமைன்னுதான் சொல்லணுமா?” என்றார். கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அந்தச் சொல் அவர் காதில் ஒழியவில்லை. அன்றைக்கு நான் அவருக்கு ஏதோ வேதசாஸ்திர விளக்கம் சொன்னேன், அது அவருக்கு உதவவில்லை என்பது அவர் தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில், “அடிமையின் ரூபமெடுத்து” என்று அந்தச் சொல் ஆண்டவருக்கே சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பகுதியை முதல் நூற்றாண்டுச் சபை பாடிய பாடலாகவே அறிஞர் பலர் கருதுகிறார்கள். அடிமை என்று பாடவேண்டியவர் அந்தப் பெரியவர் அல்லர்; பாட்டில் அடிமையாக வந்தவர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு ‘அடிமை’, உங்களுக்கு ‘அப்பா’. இருவருக்கும் நின்று பாட வேறு இடம் வேண்டும். சங்கீதப் புத்தகம் அதை ஏராளமாக வைத்திருக்கிறது. அதில் முறையீடுகள் மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. கோபித்துக்கொள்வதும் ஓர் உறவுதான். உறவு இல்லாதவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் நம் பாட்டுப் புத்தகங்களில் ஆண்டவரைக் கேள்வி கேட்கும் பாடலைத் தேடிப் பாருங்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது செய்யவேண்டியவை. உங்கள் குழுவின் பாட்டு நோட்டை எடுத்து, கடந்த இரண்டு மாதங்களில் சபையில் பாடிய பாடல்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் குறியுங்கள்: ஆண்டவரை என்ன பெயரால் அழைக்கிறது, பாடுகிறவர் நானா நாங்களா நாமா, ஆண்டவர் அதில் என்ன வினை செய்கிறார். கடைசி வரிசைதான் உங்களுக்கு வியப்பைத் தரும். தொடுகிறார், அணைக்கிறார், நிரப்புகிறார், உயர்த்துகிறார் என்பவை திரும்பத் திரும்ப வரும். விசாரிக்கிறார், நியாயம் செய்கிறார், எளியவனைக் குப்பையிலிருந்து எடுக்கிறார் என்பவை எத்தனை என்று பாருங்கள். பாடல் எதையும் நீக்க வேண்டாம். எந்த இடம் காலியாக இருக்கிறதோ அந்த இடத்துக்கு ஒரு பாடலை ஒவ்வொரு ஞாயிறும் சேருங்கள். பழைய கீர்த்தனைகளில் அதற்கு நிறையக் கிடைக்கும், அதைத் தேடித் தர உங்கள் மூப்பரைவிடத் தகுந்த ஆள் இல்லை.

அவரை ஆராதனை முடிந்த வாசலில் பிடிக்காதீர்கள். ஒரு மாலையில் அவர் வீட்டுக்கே நோட்டோடு போங்கள். அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வாலிப வயதில் எந்தப் பாடலைப் பாடி யாரிடம் திட்டு வாங்கினார் என்று கேளுங்கள், நிச்சயம் ஒன்று இருக்கும். தம்பியிடம் பாடலைக் கைவிடச் சொல்ல வேண்டாம். இயேசு என்ற பெயரும், அவர் செய்த ஒரு காரியமும், ‘நாங்கள்’ என்ற சொல்லும் வரும்படியாக இன்னொரு சரணம் எழுதிக் கொடு, சபையாரோடு சேர்ந்து பாடுகிறோம் என்று சொல்லுங்கள். மெட்டு நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதை அவனிடமும் சொல்லுங்கள்.

‘அப்பா’ பாடல் வரும் ஞாயிறுகளில் முன்னால் நின்று நடத்துகிற பொறுப்பைக் குழுவில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் ஆர்மோனியத்தில் உட்காருங்கள். கட்டை பிடிக்கிறவர் பாடியே ஆகவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்த வரி வரும்போது விரல்கள் சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். சபையார் உங்களுக்கும் சேர்த்துப் பாடிவிடுவார்கள்.